கட்டியவர்கள் சொல்லும் வரலாறு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தலைமைத் தச்சரின் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் அங்கே வரிசையாக உண்டு. கல் சுமந்தவர்கள், சாரம் கட்டியவர்கள் பெயர் இல்லை. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம், கட்டிக்கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார் என்று நமக்குத் தெரியும். அதற்குச் சுண்ணாம்பு அரைத்தவர் யாரென்று தெரியாது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்காகத் தேனி மாவட்ட விவசாயிகள் அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைத்து நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றி நியாயமானது. ஆனால் மலைக்காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து அந்தச் சுவரை எழுப்பிய கூலியாட்களில் ஒருவர் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியாது.

இது ஏதோ மறதியால் நேர்ந்ததில்லை. ஒரு கட்டடத்தைப் பற்றிச் சேமிக்கப்படும் காகிதங்களைப் பாருங்கள். வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் புத்தகம், பில். இத்தனை கன அடி மண் வெட்டியது, இத்தனை சதுர அடி பூசியது என்று வேலை அளவாகவும் பணமாகவும் மாறித்தான் காகிதத்தில் ஏறுகிறது. வேலை செய்தவர் அதில் ஏறுவதில்லை. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கைநாட்டு இருந்தாலும், தணிக்கை முடிந்த பிறகு அந்த ரோலை யாரும் காப்பதில்லை. எனவே கட்டடத் தொழிலாளரின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அவரிடமே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் எங்கெங்கே இருந்தார்கள், கேட்டதில் என்ன கிடைத்தது, நம் ஊரில் கேட்க வேண்டியது என்ன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கேட்டவர்கள்

இங்கிலாந்தின் எம்-1 நெடுஞ்சாலையின் முதல் பெரும் பகுதி 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதம் பிபிசி வானொலியில் 'சாங் ஆஃப் எ ரோடு' என்ற நிகழ்ச்சி ஒலிபரப்பானது. சார்லஸ் பார்க்கர், யூவன் மெக்கால், பெக்கி சீகர் ஆகிய மூவரும் சாலை போட்டவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், அவர்கள் குரலையே பாட்டோடு கோத்து அதை உருவாக்கினார்கள். மண் தள்ளும் இயந்திரம் ஓட்டியவரும் கான்கிரீட் போட்டவரும் தம் வேலையைத் தம் கொச்சையிலேயே நாட்டுக்குச் சொன்னது அன்றைக்குப் புதுமை.

அரை நூற்றாண்டு கழித்து லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிண்டா கிளார்க், கிறிஸ்டின் வால் முதலானோர் இதை முறையான ஆய்வாகச் செய்தார்கள். போருக்குப் பின் 1950 முதல் 1970 வரை நடந்த ஐந்து பெரிய வேலைகளை எடுத்துக்கொண்டார்கள்: ஸ்டீவனேஜ் புதுநகரம், பார்பிகன் குடியிருப்பு, தேம்ஸ் தென்கரைக் கலையரங்க வளாகம், சைஸ்வெல் அணுமின் நிலையம், எம்-1 சாலை. அவற்றில் வேலை பார்த்து முதுமை அடைந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டார்கள். பார்பிகனின் கான்கிரீட் முகப்பு இன்று கட்டடக்கலை மாணவர்கள் போய்ப் பார்த்து வியக்கும் ஒன்று. இறுகிய கான்கிரீட்டைச் சுத்தியல் கருவியால் கையால் கொத்திக் கொத்தித்தான் அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவந்தார்கள். கொத்தியவரின் கைக்கு என்ன ஆனது, எழுந்த தூசியை யார் சுவாசித்தார் என்று கட்டடக்கலைப் புத்தகம் கேட்பதில்லை. தொழிலாளரின் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்த வகைத் தேடலின் வலிமையை முழுதாகக் காட்டுவது வாட்டர்லூ பாலம். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் படைக்குப் போய்விட்டதால் லண்டனின் அந்தப் பாலப் பணியில் பெண்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். 1945 டிசம்பரில் பாலத்தைத் திறந்துவைத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், அதைக் கட்டிய ஆண்களை வாழ்த்திப் பேசினார். பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேம்ஸ் நதியில் படகு ஓட்டுபவர்கள் மட்டும் அதைப் பெண்கள் பாலம் என்று பயணிகளிடம் சொல்லி வந்தார்கள். ஏதோ படகோட்டிக் கதை என்றே பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டின் வாலும் ஆவணப்பட இயக்குநர் கேரன் லிவ்சியும் அந்தக் கதையின் பின்னால் போனார்கள். போர்க்காலத்தில் கட்டட வேலை பார்த்த பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள். 2015-இல் ஒரு பழைய நாளிதழின் படச் சேமிப்பிலிருந்து, பாலத்தில் பெண்கள் வேலை செய்யும் புகைப்படங்களை வால் கண்டெடுத்தார். அதன் பிறகு அரசின் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் அந்தப் பாலத்தைப் பற்றிய குறிப்பே திருத்தி எழுதப்பட்டது. அமைச்சரின் உரை விட்டதை எழுபது ஆண்டு காலம் வாய்மொழி ஒன்றே காப்பாற்றி வைத்திருந்தது.

சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய அரசு வாய்மொழி வரலாற்று மையம் இந்த வேலையை அரசுப் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டது. சீனத்தின் சாம்சுயி பகுதியிலிருந்து வந்து, சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கட்டட வேலை செய்த பெண்களை அந்த நாடு இன்று தன் முன்னோடிகளாகக் கொண்டாடுகிறது. அதே சிங்கப்பூரின் இன்றைய அடுக்குமாடிகளையும் மெட்ரோ சுரங்கங்களையும் கட்டுபவர்களில் புதுக்கோட்டை, தஞ்சை, சிவகங்கைப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் கதையும் இதே அக்கறையோடு பதிவாக வேண்டும். அந்தப் பொறுப்பு சிங்கப்பூருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு தமிழகத்துக்கும் உண்டு.

வாக்குமூலம் சட்டமானது

இந்தியாவில் கட்டடத் தொழிலாளரின் சொல் முதலில் பெருமதிப்புப் பெற்றது நீதிமன்றத்தில். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழுந்தன. சமூக அறிவியலாளர் மூவர் அந்த வேலையிடங்களுக்குப் போய்த் தொழிலாளரின் நிலையை அறிந்து அறிக்கை எழுதினார்கள். அதை வைத்து மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுத, கடிதமே வழக்கானது. ஒரு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அது ஆள் பிடித்துத் தரும் ஜமேதார் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்காது. தொழிலாளர் சொன்னால்தான் தெரியும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது.

அதே 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத் தொழிலாளருக்கென நல வாரியம் அமைய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1994 நவம்பரில் அது வந்தது. தேசிய அளவில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில் இயங்கிய பிரசாரக் குழு, 1985 முதல் மத்தியச் சட்டம் கேட்டுப் போராடியது. அதன் விளைவாக 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரி வசூலிக்கும் சட்டமும் கிடைத்தன. இந்தச் சட்டங்களுக்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர்கள், தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்தவர்கள், உறுப்பினர் அட்டைக்கு ஆள் சேர்த்த பெண்கள் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். தீர்மானங்களும் துண்டறிக்கைகளும் சங்க அலுவலக அலமாரிகளில் கிடக்கலாம். ஒரு நாள் கூலியை இழந்து கூட்டத்துக்கு வர ஒரு சித்தாளை எது தூண்டியது என்பது அவற்றில் இருக்காது.

வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றாளர் சங்கமும் சேர்ந்து 1998-இல் தொழிலாளர் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கின. தொழிலாளர் குரலையும் ஆவணமாக ஏற்ற முயற்சி அது. ஆனால் நம் தொழிலாளர் வரலாறு பெரும்பாலும் ஆலை வாசலைச் சுற்றியே எழுதப்பட்டது. பம்பாய் பஞ்சாலை, சென்னை பின்னி ஆலை, கோவை மில்கள், ரயில்வே. ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, சங்கத்துக்கு ஒரு கட்டடம் இருந்தது. கட்டடத் தொழிலாளிக்கு வேலை முடியும் அன்றே வேலையிடமும் இல்லாமல் போகிறது. ஆய்வாளர் தேடிப் போக ஒரு முகவரி இல்லை. அதனாலேயே இந்தத் துறையில் வாய்மொழிப் பதிவு மற்ற எந்தத் துறையைவிடவும் அவசியமாகிறது.

என்ன கேட்க வேண்டும்

முதலில் வேலையைக் கேட்க வேண்டும். தொழிலாளர் பேட்டி என்றாலே கஷ்டத்தை மட்டும் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. கஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரு கொத்தனாரிடம் வேலையைக் கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். மூலைமட்டம் பிடிப்பது, நூல் கட்டி வரி ஓட்டுவது, தூக்குக்குண்டு அசையாமல் நிற்கும் வரை பொறுப்பது, பூச்சு இழுக்கும் பக்குவம் அறிந்து மணியாசுக் கட்டையை எப்போது எடுப்பது என்பதெல்லாம் பள்ளிக்கூடமே இல்லாத ஒரு கல்வி. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. சித்தப்பாவோடும் மாமாவோடும் சிறுவனாகப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்து, கலவை வளைத்து, ஒரு நாள் யாரும் பார்க்காத பின்சுவரில் கரணை பிடித்துக் கற்றது. செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்புக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேர்ந்தன என்று சுற்றுலாக் கையேடுகூடச் சொல்லும். எத்தனை நாள் ஊறவைப்பது, அரைத்தது போதும் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதை அந்த வேலை செய்த பெரியவர்தான் சொல்ல முடியும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளைத் தேடி அலைகிறோம். கேட்காமல் விட்டதன் விலை அது.

இரண்டாவது, பெண்களின் வேலை. தளம் போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் மிக்சர் ஓடத் தொடங்குகிறது. ஜல்லி, மணல், சிமெண்ட் என்று பாண்டு எண்ணிப் போடுபவர் ஒரு பெண். தண்ணீரைக் கண்ணால் அளப்பவரும் அவரே. தண்ணீர் கூடினால் கான்கிரீட் வலுவிழக்கும், குறைந்தால் கம்பிக்கு இடையே இறங்காது. சும்மாடு கட்டிய தலைகளின் மேல் ஈரக் கலவை வரிசையாக ஏறுகிறது. சாரப் பலகையில் நிற்பவர்கள் கைக்குக் கை மாற்றுகிறார்கள். காலிப் பாண்டுகள் கீழே பறக்கின்றன. தொடங்கிய தளத்தைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பு விழுந்து நாளைக்கு ஒழுகும் என்பதால், முடியும் வரை யாரும் உட்கார முடியாது. வீட்டில் விட்டுவந்த பிள்ளை பால் குடிக்க அழுமே என்பதும், கழிப்பறை இல்லாத இடத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் அந்தத் தளத்துக்குள்தான் போகின்றன. மாலையில் வீட்டுக்காரர் பிரியாணி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். முப்பது ஆண்டுகள் இப்படி உழைத்த பெண் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். கூட வந்த தம்பி மகன் ஐந்தே ஆண்டில் கொத்தனார் ஆகி அவரைவிட அதிகக் கூலி வாங்குகிறான். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. பெண்களை வேறு வேலையில் வைத்துவிட்டால் சமம் என்ற பேச்சே எழாது. கரணை ஏன் அவர் கைக்கு வரவில்லை, கேட்டாரா, கேட்டபோது மேஸ்திரி என்ன சொன்னார் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வேலைக்கு வந்த வழி. மண்வேலையிலும் கல்வேலையிலும் தலைமுறைகளாக ஊர் ஊராகப் போன ஒட்டர் சமூகத்தாரைப் பற்றிக் காலனிய ஆவணங்கள் பேசுகின்றன. இந்திய ரயில் பாதைகள் போடப்பட்ட கதையை எழுதிய வரலாற்றாளர் இயன் கெர், இப்படிச் சுற்றித் திரிந்து மண்வேலை செய்த கூட்டங்களின் பங்கை விரிவாகவே சுட்டிக்காட்டினார். பின்னாளில் மழை பொய்த்த ஆண்டுகளில் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம், சனிக்கிழமைக் கணக்கு, அதில் கழிந்தது, காலையில் சந்திப்பில் நின்று ஆள் எடுக்க வந்தவரோடு பேசிய பேரம், வேலை கிடைக்காமல் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பிய நாள் ஆகியவை சேர்ந்ததுதான் நகரம் வளர்ந்த கதை. இப்போது அதே வேலையிடங்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்கிறார்கள். தமிழகக் கட்டடத் தொழிலாளர் வரலாற்றைத் தமிழில் மட்டும் பதிவு செய்தால் அது பாதி வரலாறு. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அறிந்தவர்கள் இந்த வேலையில் சேர வேண்டும்.

நான்காவது, விபத்து. 2014 ஜூன் 28-ஆம் தேதி மாலை, மழை நேரத்தில், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். விசாரணைக் குழு அமைந்தது, வழக்கு நடந்தது, பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரம் 2016-இல் தகர்க்கப்பட்டது. இவை எல்லாம் பதிவாகியுள்ளன. ஆனால் பெரிய விபத்துகள்தான் செய்தி. சாரத்திலிருந்து ஒருவர் தவறி விழுவது, கம்பியில் மின்சாரம் பாய்வது, குழி வெட்டும்போது மண் சரிவது என ஒவ்வொன்றாக நடக்கும் மரணங்கள், உடன் வேலை செய்தவர்களின் நினைவில் மட்டுமே தங்குகின்றன. எந்த மேஸ்திரி பாதுகாப்பு வாரைக் கட்டாயப்படுத்தினார், எந்த வேலையிடத்தில் இறந்தவரை ஊருக்கு அனுப்ப மற்றவர்கள் வசூல் செய்தார்கள் என்பதை அவர்கள் மறப்பதில்லை. வயதான கொத்தனாரின் முதுகும், சிமெண்ட் அரித்த கால் விரல்களும், தூசி நிறைந்த நுரையீரலும் இந்த வரலாற்றுக்குள் வர வேண்டியவை.

நினைவை நம்பலாமா

இத்தகைய பதிவுகளுக்கு எதிராக எழும் முதல் கேள்வி, மனிதர்கள் தவறாக நினைவு வைத்திருப்பார்களே என்பது. உண்மைதான். ஆண்டு மாறும், கூலித் தொகை மாறும், தான் இல்லாத இடத்தில் இருந்ததாகவும் ஒருவர் சொல்லலாம். இத்தாலிய வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி இதற்கு நல்ல பதில் தந்தார். தெர்னி நகர உருக்காலைத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி 1949-இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் கொல்லப்பட்டார். ஆனால் ஊரில் பலர், 1953-இல் ஆலையில் பெருமளவில் ஆட்குறைப்பு நடந்தபோது எழுந்த போராட்டத்தில்தான் அவர் இறந்தார் என்று நினைவு வைத்திருந்தார்கள். போர்ட்டெல்லி அதைப் பிழை என்று தள்ளவில்லை. வேலை இழந்த காயம் அந்த ஊருக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு அந்தப் பிழையே சான்று என்று காட்டினார். தேதியைக் காகிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். அந்தத் தேதி ஏன் இடம் மாறியது என்பதைக் காகிதம் சொல்லாது.

காகிதமும் ஒருபக்கச் சாட்சிதான். பார்பிகன் வேலையிடத் தகராறு பற்றி அமைந்த கேமரன் விசாரணை மன்றம், 1967-இல் தொழிலாளர் குழுத் தலைவர்களையே பெரிதும் குறை சொன்னது. அந்த அறிக்கையை மட்டும் படித்தவர் ஒரு முடிவுக்கு வருவார். அங்கே வேலை பார்த்தவர்களின் பேட்டிகளையும் படித்தவர், பாதுகாப்புக்காகவும் சரியான கூலிக் கணக்குக்காகவும் நடந்த நீண்ட போராட்டத்தைக் காண்பார். இரண்டையும் பக்கத்தில் வைப்பவரே வரலாறு எழுத முடியும்.

செய்ய வேண்டியது

பதிவு செய்யும்போது சில கடமைகள் தவிர்க்க முடியாதவை. பேட்டி வேலை நேரத்தில் வேண்டாம். அரை நாள் கூலியை இழக்க வைத்துக் கதை கேட்பது அநியாயம். மேஸ்திரி எதிரே நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. பெயரை வெளியிடும் முன் அனுமதி வேண்டும், அந்த அனுமதியைப் பின்னாளில் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும். பிரிட்டனில் பெரிய கட்டுமான நிறுவனங்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்களை ரகசியக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது 2009-இல் அம்பலமானது. பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்ததற்காகவே வேலை மறுக்கப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். சொன்ன வார்த்தைக்குத் தொழிலாளி விலை கொடுக்கும்படி எந்த ஆய்வும் நடக்கக் கூடாது. பதிவான ஒலியின் பிரதி அவர் குடும்பத்துக்கும் போக வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நலவரியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, அதில் ஏறத்தாழ 9,500 கோடிதான் தொழிலாளருக்காகச் செலவானது என்று 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வேதனையோடு பதிவு செய்தது. அந்தப் பணத்தில் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கணக்கும் வெளிவந்தது. அது தொழிலாளரின் ஓய்வூதியத்துக்கும் சிகிச்சைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உரிய பணம். வரலாறு எழுதும் செலவு பல்கலைக்கழகங்களுடையது, காப்பகங்களுடையது, கட்டடங்களால் பயன் பெறும் நம் எல்லோருடையது.

இந்தப் பதிவுகளால் தொழிலாளிக்கு என்ன பயன்? நல வாரியத்தில் பதிவதற்கு, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததாகச் சான்று காட்ட வேண்டும் என்றது 1996 சட்டம். நாற்பது ஆண்டு வேலை செய்தவர் தொண்ணூறு நாளுக்குக் காகிதம் தேடி நின்றார். எங்கே, எந்த ஆண்டில், யாரோடு, என்ன வேலை செய்தார் என்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, இந்தத் தொழிலில் திறன் எப்படி வளர்கிறது, உடல் எப்போது தேய்கிறது, பெண்கள் எந்தப் படியில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம் உருவாகும். ஓய்வூதிய வயதை, கூலி விகிதத்தை, பெண்களுக்கான கொத்தனார் பயிற்சியை அந்த ஆதாரத்தோடு கேட்கலாம். ஆசிய விளையாட்டு வழக்கில் சில வேலையிடங்களின் வாக்குமூலங்களே சட்டத்தை நகர்த்தின.

எங்கே தொடங்குவது என்பதற்கும் வழி இருக்கிறது. தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளில் கட்டடப் பொறியியல் படிப்பவர்கள் நாளை இதே தொழிலாளரிடம் வேலை வாங்கப் போகிறவர்கள். சிமெண்டின் வலிமையைச் சோதிக்க அவர்களுக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அந்தச் சிமெண்டைச் சுமப்பவரோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம்கூடப் பாடத்திட்டத்தில் இல்லை. ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறும் முன் ஒரு கொத்தனார் அல்லது ஒரு சித்தாளின் வேலை வாழ்க்கையை முழுதாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று விதியாக்கலாம். அப்படிக் கேட்ட பொறியாளர் வேலையிடத்துக்கு வந்ததும் குடிநீரும் கழிப்பறையும் பாதுகாப்பு வாரும் இருக்கின்றனவா என்று பார்ப்பார் என நான் உறுதியாக நம்புகிறேன். காப்பகத்தில் சேரும் குரல்களைப் போலவே அந்த மாற்றமும் இந்த வரலாற்றின் பயன்தான்.